நெற்றிக்கு இடம் விடுங்கள்

என் அன்பு அப்பா,

தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, ஓர் இடத்தில் உட்கார்ந்து இதைக் கேளுங்கள். உட்காருவது உங்களுக்கு ஆகாத காரியம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் வகுப்பில் உட்கார்ந்து பழகியவர்தானே, இன்னொரு முறை எனக்காக.

முதலில் வீட்டுச் செய்தி. நீங்கள் போன பிறகு வந்த முதல் மழைக்காலம் முடிந்துவிட்டது. முடிச்சூரில் இந்தத் தடவை தண்ணீர் தெருவோடு நின்றுகொண்டது, படியேறவில்லை. கீழ்வீட்டுக்காரர் மட்டும் வானம் கறுத்த அன்றே காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் நிறுத்திவிட்டு, தினமும் குடை பிடித்துக்கொண்டு போய் அதை நலம் விசாரித்துவிட்டு வந்தார். நீங்கள் இருந்திருந்தால் அவரை ஒரு வழி பண்ணியிருப்பீர்கள்.

அம்மா நன்றாக இருக்கிறாள் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பல மாதம் அவள் நன்றாக இல்லை. அழவில்லை, என்னோடு சண்டை போடவில்லை, என் சமையலில் குற்றம் சொல்லவில்லை. இதில் கடைசியாகச் சொன்னதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஹாலில் உங்கள் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அணைத்து வைத்த டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சபையிலிருந்து பெண்கள் வந்து ஜெபித்துவிட்டு, "கூட்டத்துக்கு வாங்க அக்கா" என்று கூப்பிட்டால், "அடுத்த வாரம் பாக்கலாம்" என்பாள். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

அவள் அந்த நாற்காலியை விட்டு எழுந்த கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதை உங்கள் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்குத் தெரியாதே.

நீங்கள் பள்ளிக்கூட பிடி மாஸ்டர். வாழ்நாள் முழுக்க மைதானத்தில் விசில் ஊதிப் பிள்ளைகளை ஓடவிட்டவர். நான் வண்டலூரைத் தாண்டி ஓர் ஓவியக் கல்லூரியில் முதல் வருடப் பிள்ளைகளுக்கு அடிப்படை ஓவியமும் டிசைனும் சொல்லிக்கொடுப்பவள். கல்லூரியில் சேர்ந்ததும் எல்லாரும் முதலில் வந்து விழுவது என் கையில்தான். ஸ்கேல் இல்லாமல் நேர்கோடு. பிறகு வெள்ளைப் பெட்டி, பானை, மடித்துப் போட்ட துணி. டிசைன் வகுப்பில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை சாம்பல் நிறத்தைப் படிப்படியாகக் கலந்து கட்டம் நிரப்புவது. பெரிய பெரிய கனவோடு வந்த பிள்ளைகள், "காலேஜுக்கு வந்து கோடு போட வைக்கிறாங்களே" என்று முதல் மாதம் முழுக்க முணுமுணுப்பார்கள். வருடக் கடைசியில்தான் மனித முகம். எதிரே ஓர் ஆளை உட்காரவைத்து அவர் தலையை வரைவது. அதற்கு ஹெட் ஸ்டடி என்று பெயர்.

எங்களுக்காக உட்கார்ந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் மகள் வீட்டுக்குக் குடிபோய்விட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. நீங்கள் அப்போதுதான் ஓய்வு பெற்று, வீட்டுக்குள் எங்களை அணிவகுக்க வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"அப்பா, எங்க காலேஜுக்கு வரீங்களா? ஒரு வேலை இருக்கு."

"என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணக் கூடாது. சும்மா உக்காரணும்."

"அது மட்டும்தாம்மா எனக்கு வராது."

"கூட்டிட்டுப் போடி, எனக்குப் புண்ணியமா போகும்" என்று அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். அப்படித்தான் வந்து சேர்ந்தீர்கள்.

முதல் நாள் உங்களை உட்காரவைத்து, நாற்காலிக் கால்களைச் சுற்றியும் உங்கள் ஷூவைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு போட்டேன். இடைவேளைக்கு எழுந்து போய்விட்டு வந்தால் அதே இடத்தில் அதே மாதிரி உட்கார வேண்டும். கொஞ்சம் நகர்ந்தாலும் எல்லார் படமும் பாழ். "லாங் ஜம்புக்குக் கோடு போடற மாதிரி இருக்கே" என்றீர்கள். பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. கூன் போட்டு வரைந்துகொண்டிருந்த ஒருத்தனைப் பார்த்து, "தம்பி, முதுகை நிமித்து" என்று அதட்டினீர்கள். வகுப்பே நிமிர்ந்தது. பின்னால் நின்றுகொண்டிருந்த நானும் நிமிர்ந்தேன்.

தொப்பியைக் கழற்றச் சொன்னபோதுதான் உங்கள் நெற்றியை நானே ஒழுங்காகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். எவ்வளவு பெரிய நெற்றி. அதில் பாதிக்குக் கீழே வெயிலில் காய்ந்த கறுப்பு, மேலே தொப்பி காப்பாற்றிய வெளுப்பு, நடுவில் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி ஒரு கோடு. கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் படிப்படியாகப் போகப் பழகிய பிள்ளைகளுக்கு, படியே இல்லாமல் இரண்டு நிறமாக நின்ற அந்த நெற்றி பெரிய சோதனையாகிவிட்டது.

அவர்கள் அதை எப்படிச் சமாளித்தார்கள் தெரியுமா? நெற்றியையே விட்டுவிட்டார்கள். இடைவேளையில் எல்லாரும் டீ குடிக்கப் போவார்கள். நீங்கள் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போர்டு போர்டாகப் போய்ப் பார்ப்பீர்கள். எல்லாப் படத்திலும் கண் எங்கேயோ உச்சியில் இருக்கும். புருவம் முடிந்ததும் முடி தொடங்கிவிடும்.

"ஏம்பா, இவ்ளோ பெரிய நெத்தி. அதை யாருடா திருடினது?"

முதல்முதலாக முகம் வரைகிற எல்லாரும் செய்கிற தப்பு அது என்று உங்களுக்கு விளக்கினேன். கண் இருப்பது தலையின் சரிபாதியில். உச்சியிலிருந்து கண் வரை எவ்வளவோ, கண்ணிலிருந்து தாடை வரை அவ்வளவேதான். சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி அளந்து பார்க்கச் சொல்வேன். அளப்பார்கள், தலையாட்டுவார்கள், மறுபடியும் கண்ணை மேலேதான் போடுவார்கள். ஒரு மனிதரைப் பார்க்கும்போது நாம் கண்ணை, மூக்கை, வாயைத்தான் பார்க்கிறோம். நெற்றி ஒன்றும் பேசுவதில்லை. அதனால் அதற்கு மிஞ்சிய இடம்தான் கிடைக்கிறது. இதை ஒரு பாடமாக வருடா வருடம் வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அது புரிந்துவிட்டது என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் அந்தப் பிள்ளைகளுக்கு நெத்தித் திருடங்க என்று பெயர் வைத்தீர்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒப்பிப்பீர்கள். "இன்னிக்கு ஒருத்தி பாதி நெத்தி குடுத்தா கிரேஸ், நல்ல பொண்ணு." அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள். காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ள மாட்டாள். அடுத்தடுத்த வருடமும் வந்தீர்கள். சாக்பீஸ் கோடு தினமும் அழிகிறது என்று ஒருத்தன் உங்கள் ஷூவைச் சுற்றி வெள்ளை எனாமல் பெயின்டால் வரைந்தேவிட்டான். வகுப்புத் தரையில் உங்களுக்கென்று ஓர் இடம் வந்துவிட்டது.

பிறகு ஒரு காலையில் நீங்கள் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டீர்கள் என்று எல்லாரும் சொன்னார்கள், கொடுத்துவைத்தவர் என்றும் சொன்னார்கள். ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தீர்கள். அவ்வளவு நேரம் நீங்கள் அசையாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. வகுப்பில் இடைவேளைக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கதோஷம், "அப்பா, பிரேக்" என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் எழுந்துவிடுவீர்களோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது. சொல்லியிருக்கலாமோ?

அன்றைக்கு இன்னொன்று நடந்தது. அதை உங்களிடம் சொல்லாமல் என் மனம் ஆறாது. பேனர் அடிக்கப் போட்டோ கேட்டார்கள். நம் வீட்டில் ஏது போட்டோ? ஆல்பம் எல்லாம் அந்த டிசம்பர் வெள்ளத்தில் கூழாகி, நீங்களே மண்வெட்டியால் வாரிக் கொட்டினீர்கள். அதற்குப் பிறகு எடுத்ததில் எல்லாம் தொப்பி. தொப்பி இல்லாதது வாக்காளர் அட்டையில் இருந்த ஒன்றுதான். பேனர் கடைக்காரர் அதைப் பெரிதாக்கி, கோட்டும் டையும் மாட்டி, இரண்டு புறாவையும் பறக்கவிட்டார். மேலே ஒரு பூ வளைவு வைக்க இடம் போதவில்லை போல. உங்கள் தலையைப் புருவத்துக்குச் சற்று மேலே வெட்டிவிட்டார்.

தெருமுனையில் அதைக் கட்டியபோது நான் அண்ணாந்து பார்த்தேன். கோட்டு போட்ட பிடி மாஸ்டர், நெற்றி இல்லாமல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அப்பா. அடக்க முடியவில்லை. அத்தை என் கையைக் கிள்ளி, "அப்பன் செத்துக் கெடக்கான், என்னடி இளிப்பு?" என்றாள். அந்தத் தெருவில் அப்போது அதை நான் சொல்லிச் சிரிக்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். அது உறைத்த பிறகுதான் அழுகை வந்தது.

இந்த வருடம் ஹெட் ஸ்டடி நேரம் வந்தது. வேறு ஆள் தேட எனக்கு மனமில்லை. முதலில் பிளாஸ்டர் தலை ஒன்றை வைத்து ஒப்பேற்றினேன். பிறகு போனில் இருக்கும் போட்டோவைப் பார்த்து வரையச் சொன்னேன். போட்டோமேல் கட்டம் போட்டு, தாளிலும் கட்டம் போட்டு, அளவு பிசகாமல் வரைந்துவிட்டார்கள். நெற்றி எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. ஒருத்தரும் திருடவில்லை. ஆனால் எதிரில் ஓர் ஆள் மூச்சுவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்கிற பயம் ஒரு கோட்டில்கூட இல்லை. அந்த பயம் இல்லாமல் முகம் எப்படி வரும்?

எங்கள் எச்.ஓ.டி. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "பேசாம இதையே வெச்சுக்கலாம் எஸ்தர். அடுத்த வருஷத்துல இருந்து சிலபஸ்லயே மாத்திடலாம். வருஷா வருஷம் ஆள் தேடற பேஜார் இல்ல பாருங்க. இல்ல, செமஸ்டர் முடியறதுக்குள்ள யாரையாவது பிடிச்சு கிளாஸ் நடத்திட்டீங்கன்னா, பழையபடியே இருக்கட்டும்." நான் சரி சார் என்று வந்துவிட்டேன். உண்மையில் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. தரையில் அந்த வெள்ளைப் பெயின்ட் கோட்டுக்குள் இன்னொருவர் காலை வைப்பதைப் பார்க்க வேண்டியதில்லை. உங்களோடு அந்த வகுப்பும் போகட்டும் என்று நினைத்தேன்.

யுவராஜ் விடவில்லை. யுவராஜ் என்றால் இந்த வருடத்துப் பையன், வண்டலூர்க்காரன், வகுப்பின் வாய்.

"மேடம், ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே? சீனியருங்கல்லாம் பிடி சாரைப் பாத்து வரைஞ்சாங்க. எங்களுக்கு மட்டும் இன்னா, போன்ல மூஞ்சி?"

"ஆள் கிடைக்கலப்பா."

"ஆளா கெடைக்கல? ஸ்டேஷனாண்ட வந்து பாருங்க மேடம். எத்தினி பேரு சும்மா குந்திகினு கீறாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். சுருக்கென்று இருந்தது. அவன் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. கொடுக்க வேண்டியதை நான் கொடுக்காமல் இருக்கிறேன் என்று அவனுக்கே தெரிந்திருந்தது.

அன்று சாயங்காலம் அம்மாவுக்குத் தோசை வார்த்துக்கொண்டே இதைச் சொன்னேன். பதில் எதிர்பார்த்துச் சொல்லவில்லை. அவள் எதற்கும் பதில் சொல்லாத காலம் அது.

"அவர் உக்காந்த எடத்துல வேற ஒருத்தர் உக்கார்றதை உன்னால பாக்க முடியல. அதானே?" என்றாள்.

நான் தோசையைத் திருப்பிப் போட்டேன்.

"நான் வந்து உக்கார்றேன்."

"அம்மா, அது நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. அசையாம இருக்கணும். ரொம்ப நேரம்."

"இத்தனை மாசமா வேற என்ன பண்ணிட்டிருக்கேன்?"

கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"தோசை தீயுது பாரு" என்றாள். "அதைக்கூட ஒழுங்கா பண்ண வரல உனக்கு."

நீங்கள் போன பிறகு என் சமையலில் அவள் சொன்ன முதல் குற்றம் அது. தீய்ந்த தோசையை நானே சந்தோஷமாகத் தின்றேன்.

மறுநாள் மெரூன் பட்டு கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மடிப்பு கலையாமல் இருக்க ஆட்டோவில் ஓரமாக உட்கார்ந்தாள். தாம்பரத்தில் ரயில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்து, பெருங்களத்தூர் வந்ததும், "இங்க இவ்ளோ கட்டடம் எப்ப வந்தது?" என்று என்னவோ நான்தான் கட்டியது மாதிரி கேட்டாள். கண்ணாடியைக் கழற்ற மாட்டேன், தலைமுடியை வெள்ளையாக வரையக் கூடாது என்று இரண்டு நிபந்தனை வேறு போட்டாள்.

கல்லூரிக்குப் போனதும் அம்மாவை ஸ்டாஃப் ரூமில் உட்காரவைத்துவிட்டு, அலமாரியைத் திறந்து உங்கள் படங்களை வெளியே எடுத்துக் கொடுத்தேன். முந்தைய வருடத்துப் பிள்ளைகள் வரைந்தது. ஹெட் ஸ்டடி தொடங்குமுன் அவற்றைச் சுவரில் குத்திவைத்து, என்னென்ன தப்பு வரும் என்று காட்டுவது வழக்கம். வழக்கமாக உட்காருபவருக்குப் பின்பக்கச் சுவரில்தான் குத்துவோம். இந்த மழையில் அந்தச் சுவர் ஓதம் ஏறி ஈரமாகக் கிடந்தது. அதனால் யுவராஜும் மற்றவர்களும் எதிர்ச் சுவரில் குத்திவிட்டார்கள். நான் பார்த்தபோது அம்மா உள்ளே வந்தாயிற்று. விட்டுவிட்டேன்.

அம்மாவை உட்காரவைத்தால், தரையில் இருந்த உங்கள் வெள்ளைக் கோட்டை அவள் கால் எட்டவே இல்லை. நீங்கள் உயரம், அவள் குள்ளம், நாற்காலியோ உங்களுக்குப் பார்த்து வைத்தது. செருப்பு அந்தரத்தில் ஆடியது.

"மேடம், பாட்டி கால் ஆடிகினே கீது" என்று யுவராஜ் எழுந்து போய், முதல் மாதம் திட்டிக்கொண்டே வரைந்த அந்த வெள்ளை மரப்பெட்டியைத் தூக்கிவந்து அம்மாவின் காலுக்கடியில் வைத்தான். அதைச் சுற்றிப் புதிதாக சாக்பீஸால் கோடு போட்டான். "இப்ப ஓகேவா பாட்டி?"

"கொஞ்சம் கிட்டத் தள்ளுப்பா. ஆங், போதும்."

உங்கள் காலடிக் கோடு அந்தப் பெட்டிக்கு முன்னால் தனியாக இருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்தால் எனக்கு என்னவோ ஆகிவிடும் என்று அத்தனை மாதம் பயந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அது உங்கள் இடம், இது அம்மாவின் இடம், இரண்டுக்கும் தரையில் இடம் இருந்தது.

அம்மா உட்கார்ந்தாள். அசையவில்லை. கண்கூட அதிகம் சிமிட்டவில்லை. சார்கோல் கரி தாளில் தேய்கிற சத்தம் மட்டும் கேட்டது. "செம ஸ்ட்ராங்கு மேடம் பாட்டி" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். அவள் எதைப் பார்த்துக்கொண்டு அப்படி இருக்கிறாள் என்று எனக்குத்தான் தெரியும். எதிர்ச் சுவர் முழுக்க நீங்கள்.

எனக்கும் கை நமநமத்தது. ஒரு போர்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். நான் வகுப்பில் உட்கார்ந்து வரைவதே இல்லை, உங்களுக்குத் தெரியும். பின்னாலேயே நடந்து திருத்துவதுதான் என் வேலை. அப்போதுதான் ஒன்று தோன்றியது. உங்களை நான் முழுசாக வரைந்ததே இல்லை. யாரோ ஒருத்தி தாளின் ஓரத்தில் உங்கள் தாடையை வரைந்து காட்டியிருக்கிறேன். இன்னொருத்தன் தாளில் காது. வேறொன்றில் மூக்கின் நிழல். துண்டு துண்டாக எல்லார் தாளிலும் உங்களைக் கொடுத்துவிட்டு, எனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. நீங்கள்தான் வருடா வருடம் வரப்போகிறீர்களே என்று நினைத்திருப்பேன்.

பிரேக் என்று சொன்னேன். அம்மா டீ குடிக்கப் போகவில்லை. நேரே எதிர்ச் சுவருக்குப் போனாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இது கோவமா இருக்கறப்போ" என்றாள். அடுத்ததற்கு நகர்ந்து, "இதுல தூங்கறார். கண்ணைத் தொறந்துகிட்டே தூங்குவார், தெரியுமா உங்களுக்கு?" இன்னொன்றின் முன்னால் நின்று, படத்தின் காதை விரலால் தொட்டுப் பார்த்தாள். "இது யாருன்னே தெரியல. ஆனா காது மட்டும் அவருது." பிள்ளைகள் டீயை விட்டுவிட்டு அவள் பின்னாலேயே நடந்தார்கள். எந்தப் படமும் நீங்கள் இல்லை. ஆனால் எதையும் அவள் தள்ளிவிடவில்லை. ஒவ்வொன்றிலும் உங்களில் ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்து வைத்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

அதை முடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, தன்னை வரைந்த படங்களைப் பார்த்தாள்.

"ஏம்பா, என் நெத்தி எங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெங்காயம் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பிள்ளைகளுக்கு அது எங்கிருந்து வந்த கேள்வி என்று தெரியாது. "மேடம் சொல்லிக்கினேதான் கீறாங்க பாட்டி, கை கேக்க மாட்டேங்குது" என்றான் யுவராஜ்.

அம்மா என் போர்டுக்கு வந்து நின்றாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

"டீச்சரம்மா, நீயும் திருடிட்டியே."

பார்த்தேன். ஆமாம். கண் மேலே ஏறிக் கிடந்தது. அதற்கு மேல் விரற்கடை இடம், உடனே முடி. முதல் வருடப் பிள்ளை முதல் நாள் செய்கிற தப்பு. வகுப்பே எட்டிப் பார்த்து ஊளையிட்டது. யுவராஜ் பென்சிலை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, என் குரலிலேயே, "அளந்து பாத்தியா நீ?" என்றான்.

நான் அளக்கவில்லை அப்பா. அந்த நேரம் முழுக்க அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல மாதமாக அணைத்து வைத்த டிவியைப் பார்த்த கண். அதில் ஆள் இருக்கிறாளா, திரும்பி வந்துவிட்டாளா என்று தேடிக்கொண்டிருந்தேன். நெற்றியைப் பற்றி நினைக்க எனக்கு எங்கே நேரம்? பிள்ளைகள் ஏன் இந்தத் தப்பைச் செய்கிறார்கள் என்று வருடக்கணக்காக விளக்கம் சொன்னவளுக்கு, அது என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எதிரில் இருப்பவரை ஓடிப்போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்கிற அவசரம் அது. இனிமேல் அவர்களை அந்தத் தப்புக்காகத் திட்ட மாட்டேன். திருத்துவேன், அது வேறு.

"அப்பாவை ஒரு தடவையாவது வரைஞ்சிருக்கணும்மா" என்றேன். வகுப்பு நடுவில் என் குரல் உடைந்தது எனக்கே வெட்கமாக இருந்தது. "ஓட்டர் கார்டுல மூஞ்சியே மசமசன்னு இருக்கு, பேனர்காரன் அதையும் வெட்டிட்டான். இந்தப் படம் ஒண்ணுலயும் இல்ல. அந்த நெத்தி இப்ப எங்கயுமே இல்ல."

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு கையை நீட்டி, என் முன்முடியை மேலே ஒதுக்கிவிட்டாள். அவள் விரலில் உங்கள் படங்களைத் தொட்ட கரி இருந்தது.

"அப்ப இது யாருது? எங்கப்பா வீட்டுச் சொத்தா?"

எல்லாரும் என் நெற்றியைப் பார்த்தார்கள்.

"ஸ்கூல் படிக்கறப்போ இதை மறைக்க முன்னாடி முடியை வெட்டிவிட்டுகிட்டு திரிஞ்சவதானே நீ? அவருக்கு அப்ப எவ்ளோ வருத்தம் தெரியுமா? அளவு வேணும்னா போய்க் கண்ணாடியைப் பாரு."

கழிவறைக் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். முடியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, பென்சிலை நீட்டி, ஒரு கண்ணை மூடினேன். இருக்கிறது அப்பா. வெள்ளம் கொண்டுபோகவில்லை.

அன்று மதியம் எச்.ஓ.டி. சார் எட்டிப் பார்த்து, "ஆள் கிடைச்சாச்சு போல?" என்றார். நான் வாயைத் திறக்குமுன், "கெடச்சாச்சு சார். அடுத்த வருஷமும் நான்தான்" என்று நாற்காலியிலிருந்து அம்மா பதில் சொன்னாள். "பாட்டி, அசையாதீங்க" என்று பிள்ளைகள் கத்தினார்கள். ஹெட் ஸ்டடி பாடத்திட்டத்தில் அப்படியே இருக்கிறது.

இப்போது அம்மா சபைக்குப் போகிறாள். பெண்கள் கூட்டத்தில் ஜெபத்தைவிட அவள் கல்லூரிக் கதைதான் அதிகம் ஓடுகிறதாம். என் சாம்பார் தண்ணியாக இருக்கிறது, ரசம் கலங்கலாக இருக்கிறது என்று, நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதுகூட ஏதோ குறை சொல்லிக்கொண்டிருப்பாள். சில சாயங்காலம் டிவி ஓடாதபோது உங்கள் நாற்காலிப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பாள். அப்போது நான் அவளைக் கூப்பிடுவதில்லை. அவளுக்கும் உங்களிடம் சொல்ல ஏதாவது இருக்கும் அல்லவா?

உங்களுக்கு ஒரு வாக்கு தருகிறேன். பேனரில் இருந்ததையே சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கும் அந்தக் கோட்டு போட்ட படத்தை எடுத்துவிடுவேன். அங்கே வைக்க உங்களை நான் வரைவேன். நான் கண்ணாடி முன்னால் உட்காருவேன், பக்கத்தில் அம்மா உட்கார்ந்து, காது, கோபம், கண்ணைத் திறந்துகொண்டு தூங்கும் தூக்கம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வருவாள். தாளில் முதலில் நெற்றி. அதில் தொப்பிக் கோடு. கீழே கறுப்பு, மேலே வெளுப்பு. பிறகுதான் கண்.

நீங்கள் அசையாமல் இருக்க வேண்டியதில்லை அப்பா. எழுந்து ஓடுங்கள். அளவு என்னிடம் இருக்கிறது.

உங்கள் நெற்றியோடு நடமாடும்,
உங்கள் மகள்,
எஸ்தர்